எழுத்து மாறாமல் வாசிப்பு மாறும்: அசெட்டைல் ஏற்றமும் மரபணுக்களின் இயக்கமும்

முன்னுரை

வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு வந்துவிட்டால், "தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இருந்தது, எல்லாம் தலையெழுத்து" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். உயிரியல் படிக்கும் நாமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறோம். தலையெழுத்து என்னும் சொல்லை எடுத்துவிட்டு மரபணு என்னும் சொல்லைப் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

மரபணுவில் எழுதியிருக்கிறது என்பது உண்மையே. ஆனால், எழுதியிருப்பவை எல்லாம் வாசிக்கப்படுவதில்லை. இன்சுலினுக்குரிய மரபணு கணையத்தில் மட்டும் இல்லை. விரல் நுனியில் உள்ள தோல் உயிரணுவிலும் அது இருக்கிறது. ஆயினும், இன்சுலினைச் சுரப்பவை கணையத்தின் பீட்டா உயிரணுக்களே. தோல் உயிரணுவில் அந்தப் பக்கம் மூடியே கிடக்கிறது. ஒரே நூலை வைத்துக்கொண்டு ஒவ்வோர் உயிரணுவும் வெவ்வேறு பக்கங்களை வாசிப்பது எப்படி? இந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடைகளுள் ஒன்று அசெட்டைல் ஏற்றம். அதனை விளக்குவதும், அது எந்த அளவுக்கு உறுதியான விடை என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணமும் உண்டு. இரண்டாம் ஆண்டில் ஓர் இடுபணியில், "அசெட்டைல் ஏறினால் மரபணு திறக்கும்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். விரிவுரையாளர் அந்த வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். காரணம் கேட்டபோது, "அசெட்டைல் ஏறியதால் மரபணு திறந்ததா, மரபணு திறந்ததால் அசெட்டைல் ஏறியதா?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான், அதே கேள்வி ஆய்வாளர்களையும் பல்லாண்டுகள் அலைக்கழித்தது என்று தெரிந்தது.

இரண்டு மீட்டர் நூல்

தமிழில் நூல் என்றால் புத்தகம். நூல் என்றால் இழை. டிஎன்ஏ இரண்டுமாக இருக்கிறது. நம் உயிரணு ஒன்றில் உள்ள டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். சுற்றி வைக்காமல் இதனை அடக்க முடியாது. அதே சமயம், சுற்றி வைத்த நூலை வாசிக்கவும் முடியாது. உயிரணுவின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இந்த நூல் சுற்றப்படும் உருளைகளே ஹிஸ்டோன் புரதங்கள். ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் கோசல் 1884ஆம் ஆண்டிலேயே வாத்தின் இரத்த உயிரணுக்களிலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்தார். ஆனால், இவை எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பது 1974இல்தான் தெளிவாயிற்று. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்னும் நான்கு வகை ஹிஸ்டோன்கள் வகைக்கு இரண்டாக எட்டுச் சேர்ந்து ஓர் உருளை ஆகின்றன. டிஎன்ஏவின் ஏறத்தாழ 147 எழுத்து இணைகள் அந்த உருளையை ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றிக்கொள்கின்றன. இந்த அமைப்பின் பெயர் நியூக்ளியோசோம். நூலில் கோத்த மணிகளைப் போல, ஓர் உயிரணுவுக்குள் ஏறத்தாழ 3 கோடி நியூக்ளியோசோம்கள் வரிசையாக இருக்கின்றன. டிஎன்ஏவும் ஹிஸ்டோன்களும் பிற புரதங்களும் சேர்ந்த இந்த முழுத் தொகுதியையே குரோமாட்டின் என்கிறோம்.

1997இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் திமோத்தி ரிச்மண்ட் குழுவினர் நியூக்ளியோசோமின் வடிவத்தை அணு அளவில் படம்பிடித்துக் காட்டினர். உருளை கெட்டியாக இருந்தது. ஆனால், ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நம் கதை நடப்பது பெரும்பாலும் அந்த வால்களில்தான்.

லைசினும் அசெட்டைலும்

ஹிஸ்டோன் வால்களில் லைசின் என்னும் அமினோ அமிலம் நிறைய உண்டு. லைசினின் நுனியில் நேர் மின்னூட்டம் இருக்கிறது. டிஎன்ஏவின் முதுகெலும்பாக அமைந்த பாஸ்பேட்டுகளில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்பது இடைநிலைப்பள்ளிப் பாடம். ஆகவே, வால்கள் தம் டிஎன்ஏவையும் பக்கத்து நியூக்ளியோசோமையும் பற்றிக்கொள்கின்றன, தொகுதி இறுகுகிறது.

இப்போது லைசினின் நுனியில் ஓர் அசெட்டைல் தொகுதியை ஒட்டுவோம். இரண்டு கார்பன், மூன்று ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் கொண்ட மிகச் சிறிய தொகுதி அது. அது ஒட்டியதும் லைசினின் நேர் மின்னூட்டம் மறைந்துவிடுகிறது, பிடி தளர்கிறது. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எச்4 ஹிஸ்டோனின் 16ஆவது லைசினில் மட்டும் அசெட்டைல் ஏற்றிப் பார்த்தார்கள். அந்த ஒரு மாற்றமே நியூக்ளியோசோம் வரிசை இறுகிச் சுருள்வதைத் தடுக்கப் போதுமானதாக இருந்தது.

நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். 'க' என்னும் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் அது 'க்' ஆகிறது. எழுத்தின் உரு அப்படியே இருக்கிறது, வாசிப்பு மாறுகிறது. மரபணுப் பிறழ்வு என்பது 'க' இருந்த இடத்தில் 'ப' வந்து உட்காருவது போன்றது. அசெட்டைல் ஏற்றம் எழுத்தைத் தொடுவதில்லை. அது புள்ளி வைப்பது போன்றது. புள்ளியை வைக்கவும் முடியும், அழிக்கவும் முடியும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இங்கே புள்ளி விழுவது டிஎன்ஏ எழுத்தின்மேல் அன்று. அந்த எழுத்தைத் தாங்கும் புரதத்தின்மேல்.

கோழியா, முட்டையா?

இந்தக் கருத்தை முதன்முதலில் முன்வைத்தவர் நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வின்சென்ட் ஆல்ஃப்ரி. 1964இல் அவரும் அவருடைய குழுவினரும் கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து உட்கருக்களைப் பிரித்து, ஹிஸ்டோன்களில் அசெட்டைல் ஏறுவதைக் கண்டறிந்தனர். சாதாரண ஹிஸ்டோன்கள் டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ படியெடுக்கப்படுவதைத் தடுத்தன. அசெட்டைல் ஏறிய ஹிஸ்டோன்கள் அந்த அளவுக்குத் தடுக்கவில்லை. அப்படியானால், மரபணுக்களைத் திறந்து மூடும் வழி இதுவாக இருக்கலாம் அல்லவா என்று அவர்கள் எழுதினார்கள்.

ஆனால், அக்காலத்தில் பலர் ஹிஸ்டோன்களை வெறும் பொதி கட்டும் பொருளாகவே பார்த்தனர். அசெட்டைலும் செயல்படும் மரபணுவும் ஓரிடத்தில் காணப்படுகின்றன என்றாலும், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? திருவிழாக் கூட்டத்தில் ஐஸ்கிரீம் வண்டி நிற்கிறது என்பதற்காக, வண்டியால்தான் கூட்டம் வந்தது என்று சொல்லிவிட முடியுமா?

1988இல் இங்கிலாந்தில் ஓர் அழகான சோதனை நடந்தது. டிம் ஹெப்ஸ், ஆலன் தார்ன், காலின் கிரேன்-ராபின்சன் ஆகியோர் கோழிக் கருவின் இரத்தச் சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டனர். (கோழியின் சிவப்பணுவில் உட்கரு உண்டு.) அசெட்டைல் ஏறிய லைசினை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைக் கொண்டு குரோமாட்டின் துண்டுகளைப் பிரித்தனர். பிடிபட்ட துண்டுகளில் ஹீமோகுளோபினுக்குரிய மரபணு ஒன்று 15 முதல் 30 மடங்கு செறிவாக இருந்தது. முட்டை வெண்கருப் புரதத்துக்குரிய மரபணு அவ்வாறு சேரவில்லை. சிவப்பணுவுக்கு ஹீமோகுளோபின் தேவை, வெண்கரு தேவையில்லை. புள்ளிகள் தேவையான பக்கத்தில்தான் இருந்தன. ஆயினும், பழைய கேள்வி தீரவில்லை. கோழியை வைத்துச் சோதித்தும் கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற இடத்திலேயே நின்றது.

காரணத்தைத் தேடி வேறொரு வழியில் போனவர் லாஸ் ஏஞ்சல்ஸில் பணியாற்றிய மைக்கேல் கிரன்ஸ்டைன். அவர் ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டு ஹிஸ்டோன்களையே மாற்றிப் பார்த்தார். 1988இல் எச்4 உற்பத்தியை நிறுத்தி நியூக்ளியோசோம்களைக் குறைத்தபோது, மூடியிருந்த சில மரபணுக்கள் தாமாகவே இயங்கத் தொடங்கின. 1991இல் எச்4 வாலில் அசெட்டைல் ஏறும் லைசின்களை மாற்றியபோது, இயங்க வேண்டிய மரபணுவின் இயக்கம் பெரிதும் குன்றியது. ஹிஸ்டோன் வெறும் பொதி கட்டும் கயிறு அன்று என்பது இதனால் உறுதியாயிற்று.

1996: ஒரே ஆண்டில் இரண்டு விடைகள்

இன்னும் ஒன்று குறைவாக இருந்தது. புள்ளி வைக்கும் கை எது? அந்த நொதியை யாரும் கையில் பிடிக்கவில்லை.

டேவிட் அல்லிஸ் இதற்குத் தேர்ந்தெடுத்த உயிரி, குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்னும் ஓரணு உயிரி. அதற்கு இரண்டு உட்கருக்கள் உண்டு. பெரிய உட்கரு அன்றாட வேலைகளுக்கான மரபணுக்களை வாசிக்கிறது. சிறிய உட்கரு அடுத்த தலைமுறைக்காக மௌனமாக இருக்கிறது. பெரியதில் ஹிஸ்டோன்கள் அசெட்டைல் ஏறியவை; சிறியதில் அப்படி இல்லை. ஒரே உயிரணுவுக்குள் திறந்த நூலும் மூடிய நூலும் அருகருகே! அல்லிஸும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் பிரவ்னெலும் பெரிய உட்கருவிலிருந்து அசெட்டைல் ஏற்றும் நொதியைப் பிரித்தெடுத்து, அதன் அமினோ அமில வரிசையைப் படித்தனர். அது ஈஸ்ட்டில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ஜிசிஎன்5 என்னும் புரதத்தை ஒத்திருந்தது. மரபணுக்களை இயக்குவதற்கு ஜிசிஎன்5 தேவை என்பது முன்பே தெரியும். எப்படி இயக்குகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. இரண்டு தனித்தனிக் கதைகள் அன்று ஒன்றாயின.

அதே ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டுவர்ட் ஷ்ரைபர் குழுவினர் அசெட்டைலை நீக்கும் நொதியைக் கண்டுபிடித்தனர். அதுவும் ஈஸ்ட்டில் மரபணுக்களைக் கட்டுப்படுத்துவதாக அறியப்பட்டிருந்த ஆர்பிடி3 என்னும் புரதத்தை ஒத்திருந்தது. 1998இல் ஜிசிஎன்5இன் அசெட்டைல் ஏற்றும் திறனை மட்டும் கெடுத்துப் பார்த்தபோது, மரபணுவை இயக்கும் திறனும் குன்றியது. ஆல்ஃப்ரி எழுதியதற்கும் இதற்கும் இடையே 30 ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. அல்லிஸும் கிரன்ஸ்டைனும் 2018இல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டனர்.

எழுதுவோர், அழிப்போர், வாசிப்போர்

இன்று இத்துறையில் புரதங்களை மூன்று அணியாகப் பிரிப்பது வழக்கம். அசெட்டைலை ஏற்றுவோர் எழுதுவோர், நீக்குவோர் அழிப்போர். மனிதரிடம் அழிப்போர் மட்டும் 18 பேர்: துத்தநாகத்தைக் கொண்டு இயங்குவோர் 11, என்ஏடி என்னும் துணைப்பொருளைக் கொண்டு இயங்கும் சர்டுயின்கள் 7. மூன்றாம் அணியினர் வாசிப்போர். அசெட்டைல் ஏறிய லைசினைத் தேடிப் பிடிக்கும் ஒரு புரதப் பகுதி உண்டு. அதன் பெயர் புரோமோடொமைன். அது இவ்வாறு பற்றுகிறது என்பது 1999இல் தெரியவந்தது. ஆகவே, அசெட்டைல் இரண்டு வேலைகளைச் செய்கிறது: பிடியைத் தளர்த்துகிறது; படியெடுக்கும் பொறியை இங்கே வா என்று அழைக்கவும் செய்கிறது.

இந்தப் புள்ளிகள் நிலையானவை அல்ல. பல அசெட்டைல்கள் சில நிமிடங்களுக்குள் ஏறி இறங்கிவிடுகின்றன. புள்ளிக்குத் தேவையான அசெட்டைல், நாம் உண்ணும் சர்க்கரையும் கொழுப்பும் சிதையும்போது உருவாகும் அசெட்டைல் கோஏ என்னும் பொருளிலிருந்து வருகிறது. வளர்ப்பு உயிரணுக்களில் குளுக்கோஸைக் குறைத்தால் ஹிஸ்டோன்களின் அசெட்டைலும் குறைவதை 2009இல் காட்டினர். உயிரணுவின் உணவுக்கும் அதன் வாசிப்புக்கும் இடையே வழி உண்டு என்பது இதன் பொருள்.

ஹிஸ்டோன்களோடு இது முடிவதில்லை. உயிரணுவைப் புற்றுநோயிலிருந்து காக்கும் பி53 என்னும் புரதத்திலும் அசெட்டைல் ஏறுகிறது என்பது 1997இல் அறியப்பட்டது. 2009இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, மனித உயிரணுக்களின் 1,750 புரதங்களில் 3,600 அசெட்டைல் இடங்களைப் பட்டியலிட்டது.

மருந்தாகவும் தீங்காகவும்

பிறழ்ந்த எழுத்தைத் திருத்துவது கடினம். புள்ளியை மாற்றுவது அத்துணைக் கடினம் அன்று. மருத்துவர்களின் ஆர்வத்துக்கு இதுவே காரணம்.

1971இல் சார்லட் ஃபிரெண்ட் என்னும் அறிவியலாளர், எலியின் இரத்தப் புற்றுநோய் உயிரணுக்களில் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்னும் எளிய கரைப்பானைச் சேர்த்தார். அவை முதிர்ந்து ஹீமோகுளோபினை உற்பத்தி செய்யத் தொடங்கின. பால் மார்க்ஸும் ரொனால்ட் பிரெஸ்லோவும் இதைவிட வலுவான சேர்மங்களைத் தேடிப் பல்லாண்டுகள் உழைத்தனர். அவர்கள் உருவாக்கிய வோரினோஸ்டாட் அசெட்டைல் அழிப்போரைத் தடுக்கும் மருந்து என்பது பின்னரே தெரிந்தது. தோலில் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்காக அமெரிக்க அரசு 2006இல் அதற்கு அனுமதி வழங்கியது. இருப்பினும், இவ்வகை மருந்துகள் சில இரத்த, நிணநீர்ப் புற்றுநோய்களில் பயன்பட்ட அளவுக்கு மார்பகம், நுரையீரல் போன்ற உறுப்புகளின் கட்டிகளில் பயன்படவில்லை.

இன்னொரு மருந்து நம்மில் பலரின் வீடுகளுக்கு அருகில் உள்ளது. வலிப்பு நோய்க்கு நெடுங்காலமாகத் தரப்படும் வல்புரோயிக் அமிலம், அசெட்டைல் அழிப்போரையும் தடுக்கிறது என்று 2001இல் கண்டறிந்தனர். கருவுற்ற பெண் இதனை உட்கொண்டால் ஏறத்தாழ 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு நேர்கிறது. தண்டுவடம் மூடாமை அவற்றுள் ஒன்று. அசெட்டைல் நீக்கம் தடைபடுவது இதற்கு ஒரு காரணமாகலாம் என விலங்குச் சோதனைகள் சுட்டுகின்றன. கரு வளரும்போது எந்தப் பக்கம் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்ற ஒழுங்கு உண்டு. மருந்துக்கு அந்த ஒழுங்கு தெரியாது. அது அழிப்போரின் கையை உடல் முழுவதும் கட்டிவிடுகிறது. வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து என்பதால், இதனை உட்கொள்ளும் பெண்கள் கருவுறுவதற்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். இந்தச் செய்தி நம் அக்கா தங்கைகளுக்குப் புரியும் தமிழில் சென்று சேர வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்விக்குறி இன்னும் இருக்கிறது

இனி, விரிவுரையாளரின் கேள்விக்கு வருவோம். 2015இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் அசெட்டைல் ஏற்றும் நொதியை அனுப்பும் கருவியை உருவாக்கினர். போய்ச் சேர்ந்த இடத்தில் மரபணு இயங்கத் தொடங்கியது. அசெட்டைல் ஏற்றம் காரணமாக இருக்க முடியும் என்பதற்கு இது நேரடிச் சான்று.

ஆனால், 2020இல் எலியின் கரு மூல உயிரணுக்களில் எச்3.3 ஹிஸ்டோனின் 27ஆவது லைசினில் அசெட்டைல் ஏற முடியாதபடி செய்தனர். இயங்கும் மரபணுக்களின் அடையாளம் என்று பாடநூல்கள் சொல்லும் இடங்களுள் அது ஒன்று. அப்படியிருந்தும் மரபணுக்கள் பெரும்பாலும் வழக்கம்போலவே இயங்கின. 2021இல் ஈஸ்ட்டில் படியெடுப்பை நிறுத்திப் பார்த்தபோது, ஹிஸ்டோன்களின் அசெட்டைல் பெரும்பகுதி மறைந்தது. அதாவது, வாசிக்கப்படுவதாலும் புள்ளி விழுகிறது.

ஆகவே, இரண்டும் உண்மை. சில இடங்களில் அசெட்டைல் கதவைத் திறக்கிறது. பல இடங்களில் திறந்த கதவு மூடிவிடாமல் தாங்கி நிற்கிறது. வேறு சில இடங்களில் ஆள் நடந்துபோன தடமாக மட்டும் இருக்கிறது. எந்த மரபணுவில் எது என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்தே சொல்ல வேண்டும்.

முடிவுரை

மரபணுவே தலையெழுத்து என்பது ஒரு மிகை. மனம் வைத்தால் மரபணுவை மாற்றிவிடலாம் என்று தன்முனைப்புப் பயிலரங்குகளில் சொல்லப்படுவது அதற்கு எதிர்ப்பக்க மிகை. அசெட்டைல் ஏற்றம் இவ்விரண்டுக்கும் சான்று ஆகாது. எழுத்து இருக்கிறது, அதன் வாசிப்பு மாறக்கூடியது, அந்த மாற்றத்துக்கும் விதிகள் உண்டு. அந்த விதிகள் இன்னும் முழுமையாகப் படிக்கப்படவில்லை.

இன்று அந்த இடுபணியை மீண்டும் எழுதச் சொன்னால், "அசெட்டைல் ஏறினால் பல மரபணுக்கள் எளிதில் திறக்கும், திறந்த மரபணுக்களில் அசெட்டைல் மேலும் ஏறும்" என்று எழுதுவேன். முன்னதைவிட நீளமான வரிதான். ஆனால், ஓரத்தில் கேள்விக்குறி போட்டால் இம்முறை பதில் சொல்ல முடியும். உயிரியல் துறைக்கு வரும் இளையோரே, பாடநூலில் ஒரு வரியில் முடிந்திருக்கும் செய்தியைக் கண்டால், அதன் ஓரத்தில் நீங்களே ஒரு கேள்விக்குறி போட்டுப் பாருங்கள். அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.